வாட் என்ற சொல்லும் கோழிக்குஞ்சின் குளிரும்

இலக்கியம் பேசும் இடத்தில் மின்விளக்கைப் பற்றி, அதிலும் கோழிக்குஞ்சுக் கூண்டில் எந்த பல்பை மாட்டுவது என்பதைப் பற்றி எழுதப் புகுவது சில வாசகர்களுக்கு வியப்பாக இருக்கலாம். ஆனால் இது ஒரு சொல்லைப் பற்றிய கட்டுரைதான். நீண்ட காலம் புழங்கிய ஒரு சொல் தன் பொருளை மாற்றிக்கொள்கிறது. அந்த மாற்றத்தை மக்களுக்கு அவர்கள் மொழியில் எவரும் எடுத்துச் சொல்வதில்லை. அப்போது என்ன நேரும் என்பதே நம் கேள்வி. அந்தச் சொல் 'வாட்'.

மதுரை நகரத்திலும், அதைச் சுற்றிய திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர், வாடிப்பட்டிப் பகுதிகளிலும் பல தலைமுறைகளுக்குப் பல்பு என்றால் குண்டு பல்புதான். நாற்பது, அறுபது, நூறு என்னும் எண்களால் அதை அறிந்துகொண்டோம். நாற்பது திண்ணைக்கு, அறுபது அறைக்கு, நூறு கல்யாண வீட்டுக்கு என்பது எழுதப்படாத இலக்கணம். வாட் என்பது வெளிச்சத்தின் அளவு என்றே எல்லோரும் நம்பினோம். உண்மையில் அது விளக்கு எவ்வளவு வேகத்தில் மின்சாரத்தை உண்கிறது என்பதன் அளவு. வெளிச்சத்துக்கு லுமென் என்ற வேறோர் அளவு உண்டு. குண்டு பல்பு மட்டுமே இருந்த நாளில் இந்தப் பிழையால் யாருக்கும் நட்டமில்லை. தீனி கூடினால் வெளிச்சமும் கூடியது, சூடும் கூடியது. மூன்றும் சேர்ந்தே நடந்ததால் ஒரே சொல் மூன்றையும் சுமந்தது. படுக்கையறையில் எரிந்த 'சீரோ வாட்' பல்பு பத்துப் பதினைந்து வாட்டை உண்டுவந்தது என்பது பலருக்கும் இன்றுவரை தெரியாது. சொல்லை நம்பிய அளவுக்குப் பொருளை நாம் சோதிக்கவில்லை.

எல்.இ.டி. விளக்கு வந்தபோது இந்த மூன்றும் தனித்தனியே பிரிந்தன. குண்டு பல்பு தான் உண்ணும் மின்சாரத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பங்கையே கண்ணுக்குத் தெரியும் ஒளியாக்குகிறது, மிச்சமெல்லாம் வெப்பம். பழைய அறுபது வாட் பல்பின் வெளிச்சத்தை இன்று எட்டு, ஒன்பது வாட் எல்.இ.டி. தந்துவிடுகிறது. 2015 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய உஜாலா திட்டத்தின் கீழ் நாடெங்கும் 36 கோடிக்கும் மேற்பட்ட எல்.இ.டி. விளக்குகள் மக்கள் கைக்குப் போயின. விலையும் மளமளவென்று சரிந்தது. இது நல்ல மாற்றம் என்பதில் நமக்கு ஐயமில்லை. வீட்டு வெளிச்சத்துக்கு எதைத் தேர்வது என்றால் எல்.இ.டி. என்று தயங்காமல் சொல்லலாம். மதுரையின் பழைய தெருக்களில் இன்னும் எத்தனையோ வீடுகளில் வயதான கம்பிகளும் வெடித்துப்போன ஹோல்டர்களும் இருக்கின்றன. அங்கெல்லாம் நூறு வாட்டைக் கழற்றிவிட்டுப் பன்னிரண்டு வாட்டை மாட்டுவது கரண்ட் பில்லைக் குறைப்பதோடு தீ ஆபத்தையும் குறைக்கிறது. மேசை விளக்கின் ஹோல்டரில் '40 வாட்டுக்கு மேல் கூடாது' என்று எழுதியிருப்பது சூட்டைக் கருதித்தான். சூடு குறைந்த விளக்கை மாட்டினால் அந்த வரம்புக்கு உட்பட்டே கூடுதல் வெளிச்சம் பெறலாம். டிசம்பரில் வாசலில் தொங்கும் காகித நட்சத்திரத்துக்குள் குண்டு பல்பை மாட்டுவது எவ்வளவு அபாயமோ, எல்.இ.டி.யை மாட்டுவது அவ்வளவு நிம்மதி.

எல்.இ.டி.க்கும் சில விலக்குகள் உண்டு. அதன் சூடு முன்பக்கம் வராமல் கழுத்துப் பகுதியில் தேங்குகிறது. உள்ளே இருக்கும் மின்னணுப் பகுதிக்கு அந்தச் சூடு பகை. காற்றே புகாத கண்ணாடிக் குடுவைக்குள் சாதாரண எல்.இ.டி.யை அடைத்தால் அது சீக்கிரம் செத்துப்போகும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரில் எல்லா எல்.இ.டி.யும் வேலை செய்யாது. அதற்கென்று செய்தவை மட்டுமே செய்யும். உறையில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். பழைய சி.எஃப்.எல். விளக்கு எங்காவது எஞ்சியிருந்து உடைந்தால், அதில் சில மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது என்பதை நினைவில் கொண்டு, சன்னல்களைத் திறந்துவிட்டுச் சற்று நேரம் வெளியே இருந்து, பிறகு வெறுங்கை படாமல் துண்டுகளைச் சேகரிக்க வேண்டும். வீட்டைப் பொறுத்தவரை இவ்வளவே. சிக்கல் வீட்டின் பின்புறத்தில் இருக்கிறது.

குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார் பாடிய ஒரு பாட்டில், மாலையில் காட்டுப்பூனையைக் கண்டு அஞ்சிய வீட்டுக்கோழி தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கும் காட்சி உண்டு. வகுப்பறையில் அதை நடத்தும்போது உவமையின் நயத்தையே நாம் பேசுகிறோம். தாய்க்கோழியின் சிறகு குஞ்சுக்குக் காவல் மட்டுமன்று, கணப்பும் கூட. முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்குத் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் திறன் முதல் சில வாரங்களுக்கு இல்லை. மேலே இருப்பது மென்மயிர், இறகன்று. முதல் வாரத்தில் அதற்குச் சுமார் 95 பாகை ஃபாரன்ஹீட், அதாவது 35 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். பிறகு வாரத்துக்கு ஐந்து பாகை ஃபாரன்ஹீட் வீதம் குறைத்துவரலாம். வெயிலுக்குப் பேர்போன மதுரையில் கோழிக்குஞ்சுக்கு எதற்குக் கணப்பு என்று தோன்றலாம். சித்திரை, வைகாசிப் பகலில் தேவையில்லைதான். ஆனால் மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை வெப்பம் இருபது பாகை செல்சியசை ஒட்டி இறங்குகிறது. நமக்கு அது இதமான குளிர். இரண்டு நாள் குஞ்சுக்கு அது சாவு. குளிரும் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிகின்றன. அடியில் சிக்கியவை மூச்சுத் திணறி இறக்கின்றன. காலையில் கூண்டைத் திறப்பவருக்கு நோய் வந்ததுபோல் தெரியும். உண்மையில் வந்தது நோயன்று, குளிர்.

பொரிப்பகத்திலிருந்து வரும் குஞ்சுக்குத் தாய் கிடையாது. தாயின் இடத்தில் நாம் தொங்கவிடுவது ஒரு பல்பு. கால்நடைத் துறைக் கையேடுகள் இதற்கு எளிய கணக்கொன்றைச் சொல்லிவந்திருக்கின்றன: குஞ்சு ஒன்றுக்கு ஒன்று முதல் இரண்டு வாட். ஐம்பது குஞ்சுக்கு நூறு வாட். மனத்தில் நிற்கும் அருமையான கணக்கு. ஆனால் இது குண்டு பல்பு மட்டுமே இருந்த காலத்தின் கணக்கு. வாட் என்று சொன்னால் வெப்பம் என்று தானாகவே பொருள்பட்ட காலம் அது. சொன்னவர்க்கும் கேட்டவர்க்கும் இடையே இருந்த அந்தச் சொல்லாத பொருள் இன்று அறுந்துவிட்டது.

எப்படி அறுந்தது என்று பார்ப்போம். ஐம்பது குஞ்சு வாங்கிய ஒரு பெண்மணி நூறு வாட் பல்பு கேட்டுக் கடைக்குப் போகிறார். "குண்டு பல்பை எல்லாம் இப்ப யாருக்கா வாங்குறாங்க? இதைக் கொண்டுபோங்க, நூறு வாட்டுக்குச் சமம்" என்பது எந்தக் கடையிலும் கேட்கக்கூடிய பதில். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. உறையிலும் அப்படித்தான் அச்சிட்டிருக்கிறது. எதில் சமம் என்பதுதான் கேள்வி. வெளிச்சத்தில் சமம், சூட்டில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கூண்டு பளிச்சென்று இருக்கிறது, குஞ்சு விறைக்கிறது. சிலர் சிவப்பு நிறத்தைச் சூட்டின் அடையாளமாக எண்ணிச் சிவப்பு எல்.இ.டி.யை வாங்குகிறார்கள். சிவப்பு வெளிச்சத்தில் குஞ்சுகள் ஒன்றையொன்று கொத்துவது குறையும் என்பது உண்மை. ஆனால் நிறம் சூடு தராது. அகச்சிவப்பு விளக்கு வேறு, சிவப்புச் சாயம் பூசிய விளக்கு வேறு.

திருவிழாக் கூட்டத்தில் வண்டியில் வைத்து விற்கப்படும் சாயம் தோய்த்த குஞ்சுகளை வாங்கித்தரச் சொல்லி அழாத பிள்ளை உண்டா? முட்டைக் கோழி இனத்தில் பயனற்றவை என்று ஒதுக்கப்பட்ட சேவல் குஞ்சுகள் அவை. வீட்டுக்கு வந்ததும் ஓர் அட்டைப்பெட்டியில் விட்டு, பிள்ளை படிக்கும் மேசை விளக்கை மேலே வைப்போம். ஒரு காலத்தில் அந்த விளக்கில் நாற்பது வாட் குண்டு பல்பு இருந்தது. குஞ்சுகளில் இரண்டொன்றாவது பிழைத்தன. இன்று அதே விளக்கில் எல்.இ.டி. இருக்கிறது. வீட்டுக்கு நல்லதாகிய ஒன்று பெட்டிக்குள் கெட்டதாகிறது. இரண்டும் ஒரே விளக்கு. ஆகவே 'பாதுகாப்பான பல்பு எது?' என்ற கேள்வியே அரைகுறையானது. யாருக்கு, எந்த இடத்தில் என்று சேர்த்துக் கேட்டால்தான் விடை கிடைக்கும்.

சூடு தரும் பல்பு தீயும் தரும் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். எரியும் குண்டு பல்பின் கண்ணாடி நூறு பாகை செல்சியசைத் தாண்டிச் சுடும். கூண்டின் தரையில் நாம் பரப்புவதோ நெல் உமி, கடலைத்தொலி, அதன்மேல் செய்தித்தாள். சுற்றிலும் ஓலை, அட்டை, பழைய சேலை. பல்பு அறுந்து விழுந்தால் பற்றிக்கொள்ள வேறென்ன வேண்டும்? பல்பை அதன் மின்கம்பியிலேயே தொங்கவிடுவது பரவலான பழக்கம். அது கூடாது. தனிச் சங்கிலியோ கட்டுக்கம்பியோ எடையைத் தாங்க வேண்டும். மின்கம்பி மின்சாரத்தை மட்டும் தாங்கட்டும். சூட்டில் இளகும் பிளாஸ்டிக் ஹோல்டரைத் தவிர்த்துப் பீங்கான் ஹோல்டரை வாங்க வேண்டும். பல்பைச் சுற்றிக் கம்பிவலைக் கூடு ஒன்று இருந்தால், பறந்து மோதும் குஞ்சுக்கும் நல்லது, உமிக்கும் நல்லது. நூறு வாட் ஒன்றைவிட அறுபது வாட் இரண்டு மேல். நள்ளிரவில் ஒன்று போனாலும் மற்றது காக்கும். தரையிலிருந்து ஓர் அடி, ஒன்றரை அடி உயரத்தில் தொடங்கி, குஞ்சைப் பார்த்து ஏற்றி இறக்கலாம். பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர். விளிம்புக்கு ஓடி அலகைத் திறந்து இரைத்தால் சூடு. பரவலாகப் படுத்து மேய்ந்தால் சரி. இதைவிட நம்பகமான வெப்பமானி கிடையாது. வீட்டின் மின்பலகையில் 30 மில்லி ஆம்பியர் கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி இருப்பது, தண்ணீர்த் தட்டும் மின்கம்பியும் அருகருகே இருக்கும் இத்தகைய இடத்தில் மனித உயிருக்குக் காப்பு.

செலவும் அஞ்சத்தக்கதன்று. அறுபது வாட் பல்பு இரண்டு, இரவு பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் ஏறக்குறைய ஒன்றரை யூனிட். இரண்டு வாரத்துக்கு இருபது யூனிட். 2016 மே முதல் தமிழகத்தில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் இலவசம் என்பதோடு வைத்துப் பார்த்தால் கணக்கு புரியும். மின்வெட்டுத்தான் வேறு கதை. 2012ஆம் ஆண்டில் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேலும் மின்சாரம் இல்லாமல் கிடந்தோம். அத்தகைய இரவுகளில் பானையில் கரித்தணல் இட்டுக் கூண்டுக்குள் வைப்பது வழக்கம். தணல் சூடு தரும். மூடிய இடத்தில் மணமில்லாத கரியமில நச்சையும் தரும். காற்றுப்போக்கு இல்லாத அறையில், அதிலும் மனிதர் உறங்கும் அறையில், அதைச் செய்யவே கூடாது.

'பாதுகாப்பு' என்ற சொல்லே எப்படி ஏமாற்றும் என்பதற்கு இன்னொரு சான்று உண்டு. கீழே விழுந்தாலும் கண்ணாடி சிதறாத பல்பு என்று சில வெப்ப விளக்குகள் விற்கப்படுகின்றன. சிலவற்றில் கண்ணாடியின் மேல் டெஃப்லான் வகைப் பூச்சு இருக்கும். ஒட்டாத தோசைக்கல்லில் இருப்பதும் அதுவே. அளவு மீறிச் சூடானால் இப்பூச்சு சிதைந்து வெளிவிடும் நச்சுவளி, நம்மைவிடப் பன்மடங்கு வேகமாகப் பறவைகளைக் கொல்லும். காற்றிலிருந்து உயிர்வளியை வெகு திறமையாகப் பிரித்தெடுக்கும் பறவையின் நுரையீரல், நச்சையும் அதே திறமையோடு வாங்கிக்கொள்கிறது. அமெரிக்காவின் ஆராய்ச்சிப் பண்ணை ஒன்றில் இத்தகைய பூச்சுள்ள வெப்ப விளக்குகளை மாட்டியபின் கறிக்கோழிகள் பெருமளவில் இறந்ததை, 2000ஆம் ஆண்டில் 'ஏவியன் டிசீசஸ்' என்ற ஆய்விதழ் பதிவுசெய்தது. சமையலறைக்குப் பாதுகாப்பு, கோழிக்கு நஞ்சு. உலகின் எந்த மூலையில் விற்கும் பொருளும் இணையத்தின் வழியே உசிலம்பட்டி வாசலுக்கு வந்துவிடும் காலத்தில், 'உடையாத பல்பு' என்று கண்டதும் மகிழாமல், பூச்சு எதனால் ஆனது என்று கேட்கத் தெரிந்திருக்க வேண்டும். குஞ்சுக் கூண்டைச் சமையலறை மூலையில் வைப்பவர்கள், ஒட்டாத கல்லை வெறுமனே அடுப்பில் காயவிடக் கூடாது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

குண்டு பல்புக்கு நாம் இரங்கற்பா பாடவில்லை. மின்சாரத்தை வீணாக்கும் விளக்கு வீட்டை விட்டுப் போவதே முறை. ஐரோப்பிய ஒன்றியம் 2009 முதல் 2012 வரை படிப்படியாக அதை விலக்கியது. அமெரிக்காவில் 2023இல் சில்லறை விற்பனை நின்றது. கேரள அரசு 2020ஆம் ஆண்டு நிதிநிலை அறிக்கையில் குண்டு பல்பு, சி.எஃப்.எல். ஆகியவற்றின் விற்பனையை நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஆனால் வெளிநாட்டு விதிகளில் ஒரு நுட்பம் இருக்கிறது. சூடேற்றுவதற்கென்றே உள்ள விளக்குகளுக்கு அங்கே விலக்கு அளித்திருக்கிறார்கள். ஒளிக்கு வந்த விளக்கில் வெப்பம் வீண். வெப்பத்துக்கு வந்த விளக்கில் அதுவே பயன் என்ற வேறுபாட்டைச் சட்டம் உணர்ந்திருக்கிறது. நம் ஊரில் குண்டு பல்பு சட்டத்தால் போகவில்லை, சந்தையால் அருகுகிறது. சந்தைக்கு அந்த வேறுபாடு தெரியாது. நூற்றுக்கணக்கில் குஞ்சு வளர்க்கும் பண்ணையாளர் வாயுக் கணப்புக்கோ பீங்கான் வெப்பமூட்டிக்கோ மாறிக்கொள்வார். பத்தும் இருபதுமாக நாட்டுக்கோழி வளர்த்து, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அதில் கொஞ்சம் சேர்க்கும் பெண்களுக்கு யார் சொல்வது?

இங்கேதான் தமிழ் படித்தவர்களாகிய நம் பொறுப்பு வருகிறது. பொதிப்பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு விதிகளின்படி, உறையில் இடம்பெற வேண்டிய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும். பிற மொழியைச் சேர்ப்பதற்குத் தடையில்லை, கட்டாயமும் இல்லை. கட்டாயம் இல்லாததை எந்த நிறுவனம் செய்யும்? 'மூடிய விளக்குக் கூட்டில் பயன்படுத்தாதீர்', 'வெப்பம் தர ஏற்றதன்று' என்ற இரண்டு தொடர்கள் தமிழில் இருந்தால் போதும். ஒன்று பணத்தைக் காக்கும், மற்றது உயிரைக் காக்கும்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்க்குத் தமிழில் எழுதி என்ன பயன் என்று சிலர் கேட்பார்கள். கடைக்காரருக்குத் தெரியும், வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். அதற்கும் மேலாக நம்மிடமே ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. 1971ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லி விதிகள், மருந்தோடு வரும் துண்டறிக்கை வட்டார மொழியிலும் இருக்க வேண்டும் என்கின்றன. நஞ்சின் கடுமையைச் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று டப்பாவிலேயே வண்ணத்தால் காட்டச் சொல்கின்றன. பூச்சிமருந்துக்கு முடிந்தது பல்புக்கு முடியாதா? சுடர் ஒன்றின் படம் போட்டு, சூடு தரும் விளக்கு எது, தராத விளக்கு எது என்று காட்டுவதற்கு எவ்வளவு மை செலவாகும்? உறையில் இடமில்லை என்பதும் நொண்டிச் சாக்கு. விளம்பர நடிகரின் முகத்துக்கு இடம் இருக்கிறதே!

பெ.நா. அப்புசுவாமி போன்றவர்கள் அறிவியலைத் தமிழில் சொல்வதையே வாழ்நாள் பணியாகக் கொண்டிருந்தார்கள். அந்த மரபை நாம் பாராட்டுகிறோம்; கருத்தரங்கம் நடத்துகிறோம்; தொடர்வதில்லை. கலைச்சொல் ஆக்குவதோடு தமிழ்ப்பணி முடிந்துவிட்டது என்று எண்ணுகிறோம். வாட்டுக்குத் தமிழ்ச்சொல் தேடுவது இன்றைய அவசரமன்று. வாட் வேறு, வெளிச்சம் வேறு, வெப்பம் வேறு என்று நல்ல தமிழில் நாலு வரி எழுதுவதே அவசரம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும், மதுரை வேளாண் கல்லூரியும், மாவட்டக் கால்நடைப் பராமரிப்புத் துறையும் தம் கையேடுகளில் 'குஞ்சுக்கு இரண்டு வாட்' என்று இருக்கும் இடத்திலெல்லாம் 'குண்டு பல்பில், எல்.இ.டி.யில் அல்ல' என்று சேர்க்கட்டும். குஞ்சு வழங்கும் அரசுத் திட்டங்கள் குஞ்சோடு ஒரு பீங்கான் ஹோல்டரையும் இரண்டு குண்டு பல்பையும் ஒரு தாள் அறிவுரையையும் சேர்த்துக் கொடுக்கட்டும். ஊர்ப்புறக் கல்லூரிகளில் பணியாற்றும் நாம், நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் தெருக்கூட்டுவதோடு நில்லாமல், மாணவர்களைக் கொண்டு இந்த ஒரு தாளை எழுதச் செய்யலாம். அவர்களில் பலர் வீட்டிலேயே கோழி இருக்கிறது. எழுதிய தாளை முதலில் படித்துத் திருத்த வேண்டியவர் அவர்களுடைய அம்மாதான்.